மாலையோடு ஒரு சாக்பீஸும்: தாராவி சங்கங்களுக்குத் திறந்த மடல்

தாராவியின் சால் (வரிசை வீடு) கமிட்டிகள், சொசைட்டிகள், மகளிர் குழுக்கள், ஊர்ச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

ஜாக்கின் அற்புதம் 2018 அக்டோபர் 13 அன்று காலமானார். அந்தத் தேதி வந்தால் படத்தைத் துடைத்து, சாமந்தி மாலை சாத்தி, நாலு பேர் பேசி, சாயா கொடுத்துக் கலையலாம். நடக்கட்டும். ஐம்பது வருடத்துக்கும் மேல் குடிசைக்காரர்களுக்காகவே அலைந்த மனிதருக்கு அந்த மரியாதைகூட இல்லாவிட்டால் எப்படி? அதோடு நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அவரிடம் ஒரு தொழில் இருந்தது: ஆட்களை எண்ணுவது. சர்க்கார் வந்து எண்ணுவதற்கு முன்னால் நம்மை நாமே எண்ணிக்கொள்வது. அவர் இருந்த காலத்தைவிட இன்றைக்குத்தான் தாராவிக்கு அந்தத் தொழில் அதிகம் தேவைப்படுகிறது. ஆள் போய்விட்டார். தொழிலும் கூடவே போய்விடக் கூடாது.

அவரை நேரில் பார்த்திராத பிள்ளைகள் இப்போது கமிட்டிகளுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம். கோலார் தங்கவயல் தமிழர். 1963 வாக்கில், மீசை அரும்பும் வயதில் மும்பைக்கு வந்து தச்சு வேலை பார்த்தார். ஒண்டியது மான்கூர்ட் பக்கம் ஜனதா காலனியில். அங்கே குப்பை அள்ள மாநகராட்சி எட்டிப் பார்ப்பதில்லை. அவர் காலனிப் பிள்ளைகளைக் கூட்டி, ஆளுக்கு ஒரு பொட்டலம் குப்பையைக் கையில் கொடுத்து, வார்டு ஆபீஸ் வாசலில் கொண்டுபோய்ப் போட வைத்தார். குப்பை அள்ள அதற்கப்புறம்தான் வழி பிறந்தது. இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் பொட்டலத்தின் அளவைக் கவனிப்பதில்லை. ஒரு பிள்ளை தூக்குகிற அளவு. அதற்காக எந்தப் பிள்ளையையும் பிடித்து உள்ளே போட முடியாத அளவு. அவர் செய்த எல்லா வேலையிலும் இந்த அளவு பார்க்கும் புத்தி இருந்தது.

1976 மே மாதம், அவசரநிலை நடக்கும்போது, அணுசக்தித் துறைக்கு நிலம் வேண்டும் என்று ஜனதா காலனியை இடித்தார்கள். சுமார் 70,000 பேர் இருந்த காலனி. ஜனங்களைச் சீட்டா கேம்ப்பில் கொண்டுபோய் இறக்கினார்கள். கோர்ட், ஊர்வலம், டெல்லிப் பயணம் எல்லாம் பார்த்த பிறகும் இடிந்தது. அவர் தொடங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு அந்தப் போராட்டக் காலத்தில் பிறந்ததுதான். இடிக்க வருகிறவன் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது, நம் கையில் ஒன்றும் இல்லை என்பதை அவர் அங்கேதான் பார்த்தார்.

பட்டியல் என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டோடு தொடர்புள்ள ஒரு சாட்சி உண்டு. மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் 1985 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதில் மனுதாரர்களில் ஒருவர் 1961இல் சேலத்திலிருந்து பிழைக்க வந்த நிலமற்ற கூலி. 1981 ஜூலையில் மாநகராட்சி அவர் குடிசையைப் பிய்த்துப் போட்டு, குடும்பத்தோடு சேலத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டது. அவர் வேலை தேடித் திரும்பி வந்தார். பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமைக்குள் அடக்கம் என்று நீதிமன்றம் சொன்னதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே தீர்ப்பு நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னது. மாற்று இடம் தரச் சொன்னது யாருக்கு? 1976 கணக்கெடுப்பில் பெயர் வந்தவர்களுக்கு. எண்ணப்பட்டவருக்கு இடம், எண்ணப்படாதவருக்கு நோட்டீஸ். அன்றைக்கு இருந்த இந்த வித்தியாசம்தான் இன்றைக்கும் தாராவியில் இருக்கிறது.

அந்தத் தீர்ப்பு வந்த 1985லேயே பைகுல்லா பக்கம் நடைபாதைவாசிகளை வீடு வீடாக எண்ணும் வேலையை ஸ்பார்க் என்ற தொண்டு அமைப்பு செய்தது. ஆறாயிரத்துச் சொச்சம் குடும்பங்கள். மாநகராட்சிக் காகிதத்தில் அதுவரை இல்லாத ஜனங்கள். ஜாக்கின் அவர்களோடு கை கோத்தார். மகிளா மிலன் என்ற பெண்கள் குழுக்கள் அங்கிருந்து வளர்ந்தன. 2000இல் மகசேசே விருது, 2011இல் பத்மஸ்ரீ, 1996 முதல் உலகக் குடிசைவாசிகள் அமைப்பு என்று பின்னால் வந்தவை பெரிய விஷயங்கள்தான். ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து இந்த வேலையைப் பார்க்க வந்தவர்களுக்கு அவர் காட்டியது விருதை அல்ல, பைகுல்லாவில் கையெழுத்துத் தெரியாத ஒரு பெண் கணக்கு வைத்திருக்கும் விதத்தை.

அவரோடு ஒத்துப்போகாதவர்கள் உண்டு. சர்க்காரோடு ஒரே மேசையில் உட்கார்ந்தாலே பாதி விலை போன மாதிரி என்று நினைத்தவர்கள் அவர் இருக்கும்போதே அதைச் சொன்னார்கள். அந்த விவாதத்தை இங்கே தீர்க்கப் போவதில்லை. நீங்கள் தாராவியை இடித்துப் புதுக் கட்டடம் கட்டும் மறுமேம்பாட்டை எதிர்ப்பவராக இருந்தாலும் சரி, எப்போது சாவி தருவான் என்று காத்திருப்பவராக இருந்தாலும் சரி, உங்கள் சந்தில் எத்தனை அடுப்பு எரிகிறது என்பது உங்கள் கையில் இருக்க வேண்டும்.

மறுமேம்பாட்டில் யாருக்கு எந்த வீடு என்ற இப்போதைய விதி உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எண்களை ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். 2000 ஜனவரி 1க்கு முன்னால் தரைத்தளத்தில் இருந்ததற்குக் காகிதம் உள்ளவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி, இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்த தரைத்தளக்காரருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்ச ரூபாய்க்கு. 2022 நவம்பர் 15 வரை இருந்த மாடிக்காரருக்கு வெளியே வாடகைத் தவணை வீடு. ஒரே ஏணியில் ஏறி இறங்கும் மூன்று குடும்பம் மூன்று ஊருக்குப் போகலாம். எது யாருக்கு என்று சொல்வது அனெக்ஸர் டூ பட்டியல். வரைவு வந்ததும் ஆட்சேபணை சொல்லக் கிடைப்பது குறைந்த நாட்கள். அந்த நாட்களில் உட்கார்ந்து காகிதம் தேடினால் கதை முடிந்தது. 2024 மார்ச்சில் கமலா ராமன் நகரில் தொடங்கிய அதிகாரபூர்வ சர்வே உங்கள் சந்துக்கு வந்து போயிருந்தாலும் நாம் எடுக்கும் கணக்கு வீணாகாது. அவர்கள் பட்டியலோடு ஒப்பிட நம்மிடம் ஒன்று இருக்கும்.

இனி வேலைக்கு வருவோம்.

முதலில் படம். கம்ப்யூட்டர் வரைபடம் வேண்டாம். பழைய ஃபிளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பின்புறம் போதும், தடித்த மார்க்கர் இரண்டு. நாலா (கழிவுநீர்க் கால்வாய்) எங்கே, பொதுக் கழிப்பறை எங்கே, குழாய், மின்கம்பம், கோயில், பள்ளிவாசல், சந்தின் இரண்டு வாயும் எங்கே. இதை வரைய ஒரு மாலை ஆகும். வரையும்போது கிழவிகள் பக்கத்தில் இருக்கட்டும், எந்த வீடு எந்த வருடம் இரண்டாகப் பிரிந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். பிறகு நாற்பது ஐம்பது வீட்டுக்கு ஒரு பகுதியாகப் பிரியுங்கள். ரயில் தண்டவாளக் குடிசைக்காரர்கள் இடம்பெயர்ந்தபோதும் ஐம்பது குடும்பத்துக்கு ஒரு சொசைட்டி என்றுதான் கட்டினார்கள். ஐம்பதைத் தாண்டினால் ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. முகம் தெரியாத இடத்தில் பொய்ப் பெயர் நுழையும்.

எண் போடுவதில்தான் முதல் தப்பு நடக்கும். இரண்டு வாய் உள்ள சந்தை இரண்டு குழு இரண்டு பக்கமிருந்து எண்ணி, நடுவில் நாலைந்து வீட்டுக்கு இரட்டை எண் விழும். எந்த வாயிலிருந்து தொடங்குவது என்பதைப் படத்திலேயே அம்புக்குறி போட்டுவிடுங்கள். தரைத்தளத்துக்கு 14 என்றால் அதன் மேல் ரூமுக்கு 14/1, அதற்கும் மேலே 14/2. இரும்பு ஏணி வெளியே இருக்கிற இடத்தில் கவனம்: 14இன் வாசலில் நிற்கும் ஏணி 15இன் மாடிக்குப் போவது தாராவியில் சாதாரணம். ஏறிப் பார்க்காமல் எண் போடாதீர்கள். முதல் நாள் சாக்பீஸில் போட்டு, மறுநாள் ஒருமுறை நடந்து சரிபார்த்த பிறகே பெயின்ட். கதவில் போட வேண்டாம், கதவை மாற்றுவார்கள். நிலையின் வலப்பக்கம், தோள் உயரத்தில். அதிகாரிகள் ஏற்கெனவே போட்ட எண் இருந்தால் அதை அழிக்காமல், இரண்டு எண்ணும் ஒரே படத்தில் தெரியும்படி போனில் எடுத்து வையுங்கள்.

எண்ணப் போகிறவர்கள் இரண்டிரண்டு பேர். ஒருவர் அதே சந்துப் பெண், மற்றவர் பக்கத்துச் சந்து ஆள். சொந்தச் சந்துக்காரி இல்லாவிட்டால் கதவு திறக்காது. வெளிச்சந்து ஆள் இல்லாவிட்டால் அத்தை மகனுக்கு ஒரு ரூம் கூடிவிடும். ஒரு வீட்டுக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். மாலை ஏழிலிருந்து பத்து வரை நடந்தால் ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு வீடு. 240 வீட்டுக்கு ஐந்து குழு போட்டால் நாலு மாலை, பூட்டிய வீடுகளுக்கு மேலும் இரண்டு. பூட்டியிருந்தால் மூன்று முறை போக வேண்டும், அதில் ஒன்று ஞாயிறு காலை. மே மாதம் எண்ணவே கூடாது. ஸ்கூல் லீவு விட்டதும் பாதிச் சந்து திருநெல்வேலி ரயிலில் இருக்கும். பொங்கலுக்கும் ஊர்க் கொடைக்கும் அதே கதை. அந்த நேரத்தில் எண்ணினால் இருக்கிற குடும்பம் இல்லாத குடும்பமாகப் பதிவாகிவிடும்.

படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. தலைப்பிலேயே பெரிய எழுத்தில், "இது வசிப்பிடக் கணக்கு. உரிமைப் பத்திரம் அல்ல" என்று தமிழிலும் மராத்தியிலும் அச்சடியுங்கள். இந்த ஒரு வரி இல்லாவிட்டால், பெயர் வந்தால் ரூம் கைவிட்டுப் போய்விடும் என்று பயந்து வீட்டுக்காரர் வாடகைக்காரரை ஒளிப்பார். "இங்கே எத்தனை பேர்?" என்று கேட்காதீர்கள். "அஞ்சு பேர்" என்று வாய் பழகிப்போன ஒரு பதில் வரும். நேற்று ராத்திரி இங்கே யார் யார் படுத்தீர்கள், மூத்தவரிலிருந்து சொல்லுங்கள் என்று கேளுங்கள். நைட் ஷிஃப்ட் போனவர் யார் என்று அடுத்துக் கேளுங்கள். எத்தனை அடுப்பு என்பது தனிக் கேள்வி. ஒரே கூரைக்குள் அண்ணன் தம்பி இரண்டு அடுப்பு வைத்தால் இரண்டு குடும்பம், ஒரே சிலிண்டராக இருந்தாலும். வந்த வருடத்தைத் தேதியாகக் கேட்டால் யாருக்கும் நினைவு வராது. இந்திரா காந்தி செத்தபோது இங்கே இருந்தீர்களா, 92-93 கலவரத்தின்போது எங்கே இருந்தீர்கள், 2005 ஜூலை 26 வெள்ளத்தில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தது என்று கேளுங்கள். பதில் தானாக வரும்.

இரண்டு இடம் எப்போதும் விட்டுப்போகும். ஒன்று, தொழில் நடக்கும் வீடு. மும்பை ரயிலடிகளில் காலையில் சைக்கிளில் வரும் இட்லியில் நிறையத் தாராவியில் அவிந்தது. ராத்திரி ஒருவர் மாவு அரைப்பார், விடிவதற்கு முன்னால் மூன்று மணிக்கு அடுப்பு எரியும், எட்டு மணிக்கு அதே தரையில் பிள்ளை உட்கார்ந்து பாடம் எழுதும். இது வீடா, தொழிற்கூடமா? அதிகாரி ஒரு கட்டத்தில்தான் டிக் அடிப்பார். நம் படிவத்தில் இரண்டும் இருக்கட்டும்: எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்ன வேலை, கிரைண்டர் எத்தனை, இட்லிக் கொப்பரை எத்தனை, குமாஸ்தா லைசென்ஸ் (கடை, தொழில் நடத்தும் பதிவு) உண்டா. இரண்டாவது, பட்டறையிலேயே படுத்துத் தூங்கும் பையன்கள். தோல் வேலை, பை தைக்கிற வேலை, எம்ப்ராய்டரி. பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள். முதலாளி "யாரும் தங்குவதில்லை" என்பார். அவர்களுக்குத் தனித்தாள் போடுங்கள், பெயர் சொல்லப் பயந்தால் எண்ணிக்கை மட்டும். நம் கமிட்டிகளில் பலருக்கு இவர்களை எண்ண மனம் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். நாமும் ஒரு காலத்தில் யாரும் எண்ணாத ஜனமாகத்தான் வந்து இறங்கினோம்.

எண்ணி முடித்ததும் பட்டியலை ஒட்ட வேண்டும். கமிட்டி ஆபீசுக்குள் அல்ல, பொதுக் கழிப்பறை வரிசை நிற்கும் சுவரில். அங்கேதான் எல்லாரும் தினம் பத்து நிமிடம் சும்மா நிற்கிறார்கள். ஏழு நாள் இருக்கட்டும். செத்தவர் பெயர் உயிரோடு இருப்பதும், பிளைவுட் தட்டி வைத்து ஒரு ரூம் இரண்டானதும், கல்யாணமாகிப் போன மகள் இன்னும் இங்கேயே இருப்பதும் அந்த வரிசையில் கண்டுபிடிக்கப்படும். சண்டை வரும். வர வேண்டும். அதிகாரி முன்னால் வருவதைவிடக் குழாயடியில் வருவது மேல். திருத்தங்களைச் சிவப்பு மையில் அதே தாளில் எழுதுங்கள், புதுத் தாளில் மாற்றி எழுதி ஒட்டாதீர்கள். எதை யார் மாற்றச் சொன்னார் என்பது தெரிய வேண்டும்.

அடுத்தது நம் ஜனங்களுக்கே உரிய தலைவலி: பெயர். தமிழனுக்கு இனிஷியல். மகாராஷ்டிரக் காகிதத்துக்குப் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். ஊரில் மு. செல்வராஜ் என்று இருப்பவர் ரேஷன் கார்டில் செல்வராஜ் முத்து, வாக்காளர் பட்டியலில் முத்து செல்வராஜ், ஆதாரில் செல்வராஜ் எம். என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதினவர் இஷ்டத்துக்குச் சாதிப் பெயர் ஒன்று கடைசிக் கட்டத்தில் ஒட்டியிருக்கும். மராத்தியில் "ழ" கிடையாது, "ள" ஒருவர் போடுவார், "ல" ஒருவர் போடுவார். பெண்களுக்கு இன்னும் மோசம், கல்யாணத்துக்கு முன் அப்பா பெயர், பின் கணவர் பெயர், இரண்டும் வெவ்வேறு ஆள் மாதிரி நிற்கும். லைட் பில்லோ ரூமை விற்றுப்போன பழையவர் பெயரில் இருக்கும். அதனால் படிவத்தில் ஒரு பெயருக்கு ஒரு கட்டம் வைக்காதீர்கள். எந்தக் காகிதத்தில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அப்படியே, ஒன்றன்கீழ் ஒன்றாக நாலைந்து வரி. இந்த எல்லாப் பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஒரு அபிடவிட் இப்போதே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வரைவுப் பட்டியல் வந்த பிறகு நோட்டரி வாசலில் கூட்டம் நிற்கும்.

காகிதங்களில் 2000க்கு முந்தைய வாக்காளர் பட்டியல்தான் பலருக்குக் கை கொடுக்கும். பக்கத்தை மட்டும் நகல் எடுக்காமல் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் படிவத்தில் எழுதுங்கள். லைட் பில், குடிசைக்காரருக்குச் சர்க்கார் கொடுத்த ஃபோட்டோ பாஸ், ரேஷன் கார்டு, ரூம் வாங்கின எழுத்து ஆகியவற்றில் எது இருக்கிறது, எது இல்லை என்று டிக். மாடிக்காரருக்குப் பெரும்பாலும் அவர் பெயரில் மீட்டர் இருக்காது, கீழ்வீட்டு மீட்டரிலிருந்து சப்-மீட்டர் இழுத்திருப்பார். அவருடைய ஸ்கூல் சர்டிபிகேட், ஆஸ்பத்திரிச் சீட்டு, வங்கிக் கடிதம், கேஸ் புத்தகம் என முகவரி உள்ள எதுவானாலும் சேர்த்து வைக்கட்டும். லேமினேட் செய்யக் கூடாது. முத்திரையையும் மையையும் சரிபார்க்க முடியாமல் போகும், சூட்டில் எழுத்தும் கருகும். மெஷினில் வரும் வழவழப்பான ரசீது ஆறு மாதத்தில் வெளுக்கும், அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். மூன்று நகல்: ஒன்று வீட்டில், ஒன்று கமிட்டியில், ஒன்று ஊரில் அம்மா பெட்டியில். 2005இல் ஒரே நாளில் சான்டாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது மித்தி நதிக்கரையில் எத்தனை டிரங்குப் பெட்டி மிதந்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும். பையை ஜிப் கவருக்குள் போட்டு, பரணுக்கும் மேலே ஆணியில் தொங்கவிடச் சொல்லுங்கள். மூலத்தை யார் கேட்டாலும் காட்டுங்கள், கையில் கொடுக்காதீர்கள். நகல் கொடுத்தால் தேதி போட்ட ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

சேமிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பைகுல்லாப் பெண்கள் எழுதப் படிக்கத் தெரியாமலே கணக்கு வைத்தார்கள். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் சின்னச் சின்ன வண்ணக் காகிதச் சதுரங்கள். ஒரு ரூபாய்க்கு ஒரு நிறம், இரண்டுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று. காசு கொடுத்தால் சதுரம் உள்ளே போகும், எடுத்தால் வெளியே வரும். யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது, தன் பையைத் தானே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு ஜீபே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் தினம் கதவைத் தட்டும் ஒருத்திக்குத்தான் எந்த வீட்டில் சோறு பொங்கவில்லை, எந்த வீட்டில் புதிதாக ஒருவர் வந்து தங்கியிருக்கிறார் என்று தெரியும். சேமிப்பு வசூலும் கணக்கெடுப்பும் ஒரே கால்களால் நடக்கிற வேலை. மாடிக் கட்டடத்துக்குப் போன பிறகு லிஃப்டுக்கும் பம்புக்கும் மாதாமாதம் பணம் வேண்டும். அந்தப் பழக்கம் இங்கே வராதவருக்கு அங்கே வராது. வசூலித்தவர் கையில் மூன்று நாளுக்கு மேல் ரொக்கம் தங்கவிடாதீர்கள். சாவுப் பணத்தையும் கோயில் வரியையும் அதோடு கலக்காதீர்கள். கலந்த இடத்தில் எல்லாம் குழு உடைந்திருக்கிறது.

கழிப்பறை விஷயத்திலும் ஜாக்கினின் கூட்டமைப்பினர் கண்டுபிடித்ததைப் புதுக் கட்டடங்களுக்கும், அதுவரை நிற்கப்போகும் பழைய சந்துகளுக்கும் கேட்டு வாங்கலாம். ஐம்பது பேருக்கு ஓர் இருக்கை, குழந்தைகளுக்குத் தனியாகச் சின்ன ஓட்டை, பிடித்துக்கொள்ளக் கம்பி, பராமரிப்பவர் குடும்பத்தோடு தங்க மேலே ஒரு ரூம். பெரியவர் வரிசையில் குழந்தையை எல்லாரும் தள்ளிவிடுவதால்தான் அது நாலா ஓரத்தில் உட்காருகிறது. இது தெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. வரிசையில் நின்று பார்த்தால் போதும்.

இனி, உங்களுக்கே கொஞ்சம் கசக்கிற பேச்சு. நீண்ட காலம் ஒருவரே தலைவராக இருந்த சங்கத்தில் அவர் கண் மூடியதும் முதலில் தொலைவது மரியாதையோ ஒற்றுமையோ அல்ல. அவர் கைப்பை. அதற்குள்தான் பதிவுச் சான்று, முத்திரை, மினிட்ஸ் புத்தகம், பழைய வழக்கின் நகல், ஐந்து வீட்டுக்காரர்கள் நம்பிக் கொடுத்த மூல ரேஷன் கார்டு எல்லாம் இருக்கும். பதினாறாம் நாள் முடிந்து மகனிடம் போய்க் கேட்டால் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டிருப்பார், பாவம், அவருக்குத் தெரியாது. வங்கியில் கையெழுத்து மாறாமல் பணம் முடங்கும். ஜாக்கினின் வேலை அவரோடு நிற்காமல் போனதற்குக் காரணம், பட்டியலும் பையும் அவரிடம் இருந்ததே இல்லை. அந்தந்தத் தெருப் பெண்களிடம் இருந்தன. உங்கள் கமிட்டியின் காகிதங்களை இப்போதே இரண்டு இடத்தில் வையுங்கள், இரண்டாவது இடம் ஒரு பெண்ணின் வீடாக இருக்கட்டும். தலைவர் உயிரோடு, நல்ல உடம்போடு இருக்கும்போதே இதைக் கேட்கலாம். கோபித்துக்கொள்ளும் தலைவரானால் அவரிடம் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்.

அக்டோபர் 13 வாக்கில் மும்பையில் மழை விட்டிருக்கும், பெயின்ட் பிடிக்கும், ஜனங்களும் தீபாவளி முடியும்வரை இங்கேதான் இருப்பார்கள். படத்துக்கு மாலை போட்ட அன்றைக்கே தொடங்கலாம். 240 வீட்டுக்கு வேண்டியவை: சாக்பீஸ் இரண்டு பெட்டி, அரை லிட்டர் கறுப்பு ஆயில் பெயின்ட், இரண்டு பிரஷ், ஃபிளெக்ஸ் ஒன்று, மார்க்கர் இரண்டு, அச்சடித்த படிவம் 300 (கெட்டுப்போவதையும் சேர்த்து), எழுது அட்டை ஐந்து, நீலப் பேனா பத்து, சிவப்புப் பேனா ஒன்று. சிவப்புப் பேனா ஒன்றுக்கு மேல் கூடாது. திருத்துகிற கை ஒன்றாக இருக்கட்டும். எண்ணிவிட்டு வருகிறவர்களுக்கு ராத்திரி பத்து மணிக்கு யாராவது சுடச்சுடச் சாப்பாடு போடுங்கள், அதைக் கமிட்டிக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தாராவியிலும் வெளியிலும் இந்த வேலை தெரிந்த சிலர்